இரண்டு இட்லியும் ஒரு வெள்ளிக்கிழமையும்

அன்புள்ள சகோதரிக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

எனக்கு 55 வயது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். 19 வயதில் தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றைக்கே மூக்குத்தியையும் கம்மலையும் கழற்றி அம்மா கையில் கொடுத்தேன். இன்றுவரை குண்டுமணித் தங்கம் என் உடம்பில் ஏறியதில்லை. காலை நாலு மணி ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் எதிலும் குறை வைத்ததில்லை.

ஒரே மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனவள் இன்று கம்மல் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளையின் சபையில் அது தவறில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சினிமாவுக்குப் போகிறார்கள். கேட்டால், "நாம கிருபையின் கீழ இருக்கோம்மா, நியாயப்பிரமாணத்தின் கீழ இல்ல" என்று எனக்கே வசனம் சொல்கிறாள். மோசேயின் சட்டம் நம்மைக் கட்டாதாம். கிருபை என்றால் இஷ்டத்துக்கு நடப்பதா? எங்கள் சபையில் "மகள் கம்மல் போட்டுட்டாளாமே" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். 36 வருஷம் கட்டிக்காத்த சாட்சி போயிற்று.

என்னிடம் எதையும் சொல்வதும் இல்லை. போன மாதம் இரண்டரை மாதக் கரு கலைந்ததை மாமியாரிடம் அன்றே சொல்லியிருக்கிறாள். எனக்கு எட்டு நாள் கழித்து மாப்பிள்ளைதான் சொன்னார். கரு கலைந்த அந்த வெள்ளிக்கிழமை சுகர் மாத்திரை போட்டு மயக்கம் வந்ததால் இரண்டு இட்லி சாப்பிட்டு உபவாசத்தை முறித்திருந்தேன், அது வேறு மனதில் கிடந்து உறுத்துகிறது. அது கிடக்கட்டும். பெற்ற தாயைவிட மாமியார் ஒசத்தியா? அந்தக் கம்மலைக் கழற்ற வைக்க நான் அவளிடம் என்ன சொல்ல வேண்டும்?

*

அன்புள்ள அக்கா,

கடிதம் முழுக்கக் கம்மல். இட்லியைப் பற்றி ஒரே ஒரு வரி. "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

நாம் உபவாசத்தை முறித்ததால்தான் அந்தப் பிள்ளை போய்விட்டதோ என்று ஒரு மாதமாக உள்ளுக்குள் புழுங்குகிறீர்கள். அப்படித்தானே?

இதைக் கேளுங்கள். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படிக் கலைந்துவிடுகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் இருக்கும் கோளாறு. உங்கள் மகள் எதுவும் செய்துவிடவில்லை. நீங்களும் செய்துவிடவில்லை. பிறவிக்குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு சொன்ன பதில் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." பெற்றவர்கள் என்ற வார்த்தையில் கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

இரண்டு இட்லிக்காக ஒரு குழந்தையை எடுத்துக்கொள்கிறவரையா 36 வருஷமாக அப்பா என்று கூப்பிடுகிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. உங்கள் ஜெபமும் உபவாசமும் வழியில் எங்கேயோ சீட்டுப் பணமாக மாறிவிட்டன. ஒழுங்காகக் கட்டினால் பிள்ளைக்கு ஒன்றும் வராது, ஒரு தவணை தவறினால் போச்சு. அதனால்தான் மகளின் காதைப் பார்த்ததும் நெஞ்சு பதறுகிறது. இவள் தவணையே கட்டவில்லையே, இவளுக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றம் அது. சபையார் கேட்பதெல்லாம் அப்புறம்தான்.

அன்று ஆற்றங்கரையில் யாரும் மிரட்டிக் கழற்றச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. ஆசையாய்க் கழற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நீங்கள் காணிக்கையாகக் கொடுத்ததை மகளிடம் வரியாகக் கேட்கிறீர்கள். கலாத்தியா நாட்டுச் சபைகளில் நடந்தது இதுதான். விசுவாசம் மட்டும் போதாது, யூதர்களின் சடங்கான விருத்தசேதனமும் வேண்டும் என்று சிலர் வந்து சொன்னார்கள். அந்தச் சபைகளைத் தொடங்கிய அப்போஸ்தலன் பவுல் கொதித்துப்போனார். சபைக்காக நன்றி சொல்லிக் கடிதத்தை ஆரம்பிப்பது அவர் வழக்கம், இதில் அதைக்கூடச் சொல்லவில்லை. "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" என்று கேட்கிறார்.

கிருபை என்றால் இஷ்டத்துக்கு நடப்பதா என்று கேட்டீர்கள். மகள் சொன்ன வசனத்துக்கு அடுத்த வசனத்திலேயே பவுல் இதே கேள்வியை எழுப்பி, "கூடாதே" என்கிறார். கிருபைக்குள் வாழ்கிறவர்களும் நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பார்கள். ஒரு நாள் எழ முடியாமல் போனால், அன்றைக்கு வீட்டில் என்ன கெட்டது நடக்குமோ என்று பயந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

மாமியார் விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம். உடம்பும் மனசும் உடைந்து கிடந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற பேச்சு வராத ஒரு இடத்தைத் தேடியிருக்கிறாள். நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் சொல்வீர்கள் என்று அவள் பயப்படுகிற மாதிரி வளர்த்திருக்கிறோமே. இது உங்களுக்கு வலிக்கும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், கோயம்புத்தூருக்கு டிக்கெட் போடுங்கள். அவள் அழுதால் கூட இருந்து அழுங்கள். கம்மலைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். ஒரு மாதமாக நீங்கள் பயந்துகொண்டிருந்ததை அவளிடம் சொல்லுங்கள், அது தப்பான பயம் என்பதையும் சேர்த்து. அவள் தட்டு வைத்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள், வெள்ளிக்கிழமையாக இருந்தாலும்.