அம்மாவும் மேகாங் கழிமுகமும்

அன்புள்ள ஐயா,

நான் காலடிப்பேட்டையில் வசிக்கிறேன். அம்மாவுக்கு 66 வயது. எண்ணூர்ப் பக்கம் குப்பத்தில் பிறந்தவர். இருபது வருடத்துக்கு மேல் காசிமேட்டில் மீன் எடுத்து, திருவொற்றியூர் தெருக்களில் கூடை சுமந்து விற்றவர். மாசியில் அவரை வியட்நாம் அழைத்துப் போக ஆசை. மேகாங் டெல்டா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து வந்த ஆசை அது. சைகோனிலிருந்து காலையில் கிளம்பி, நாலு தீவைக் காட்டிவிட்டு இரவே திரும்பும் ஒருநாள் டூர் பார்த்து வைத்திருக்கிறேன். அம்மாவோ, “கழியத்தான பாக்கப் போறோம்? அது இங்கியே கெடக்குது. அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்?” என்கிறார். என்ன பதில் சொல்வது?

ம., காலடிப்பேட்டை

அன்புள்ள ம.,

கட்டாயம் அழைத்துப் போங்கள். அந்த ஒருநாள் டூரை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். சைகோனிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் மீ தோ. ஆற்றின் நடுவே டிராகன், ஆமை என்று பெயர் வைத்த தீவுகள். ஒன்றில் தேன் கலந்த தேநீர், இன்னொன்றில் தேங்காய் மிட்டாய் காய்ச்சுவதைக் காட்டி ஒரு கடை, அப்புறம் நீர்த்தென்னை கவிந்த ஓடையில் பதினைந்து நிமிடம் துடுப்புப் படகு. முன்னால் பத்துப் படகு, பின்னால் பத்துப் படகு. எண்ணூரில் கடல்நீர் புகும் கழியோரம் வளர்ந்தவன், இவ்வளவு பெரிய ஆற்றின் கரையில் ஒரு விடியலைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறேனே என்று மனம் கனத்துப் போனது. அடுத்த முறை நாலு இரவு தங்கினேன். உங்களுக்கு எழுதியதெல்லாம் அந்த நாலு இரவில் பார்த்தது.

திபெத் பீடபூமியில் பிறந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் ஆறு நோம் பென் நகரத்தில் இரண்டாகப் பிரிகிறது. வியட்நாமுக்குள் அவற்றுக்குத் தியென், ஹாவ் என்று பெயர். கடலுக்குப் பல வாய்களாகப் போய்ச் சேர்வதால் அந்த ஊர்க்காரர்கள் இதைக் கூ லாங், ஒன்பது டிராகன் என்கிறார்கள். இன்று ஒன்பதும் திறந்தில்லை. பா லாய் என்ற வாயை, உப்புநீர் உள்ளே ஏறக்கூடாது என்று மதகு கட்டி அடைத்துவிட்டார்கள். முகத்துவாரம் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், கழி தெரிந்தவர்தான் அங்கே போக வேண்டும்.

சைகோனிலிருந்து நேரே கான் தோ போய்விடுங்கள். 170 கிலோமீட்டர், பஸ்ஸில் நாலு மணி நேரம். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குப் படகு பிடித்தால் காய் ராங் மிதக்கும் சந்தை. பாலங்களும் சாலைகளும் வந்த பிறகு சரக்கு லாரியில் போகிறது, சந்தை மிகவும் சுருங்கிவிட்டது. ஆனாலும் அம்மா அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படகின் முனையிலும் ஒரு நீள மூங்கில் நிற்கும். என்ன விற்கிறார்களோ அதில் ஒன்றை உச்சியில் கட்டியிருப்பார்கள்: அன்னாசி, பூசணி, முட்டைக்கோஸ். மோட்டார் இரைச்சலில் கூவினால் யாருக்குக் கேட்கும்? தூரத்திலிருந்தே மூங்கிலைப் பார்த்து வாங்குபவர் படகைத் திருப்புவார். துணி காய்ந்தால் அது விற்பனைக்கு இல்லை, அந்தக் குடும்பம் அதே படகில் வாழ்கிறது என்று அர்த்தம். மூங்கிலில் ஓலை தொங்கினால் படகையே விற்கிறார்கள். அப்படி ஓலை கட்டிய ஒரு படகைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு அம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

அங்கிருந்து வின் லாங். படித்துறையிலிருந்து ஃபெர்ரியில் சில நிமிடம் கடந்தால் அன் பின் தீவு. லாங்கன், ரம்புத்தான் பழத்தோப்புகளுக்குள் வீட்டிலேயே தங்க இடம் தருகிறார்கள். இரண்டு இரவு அங்கே இருங்கள். என்னை ஏற்றிப்போன படகு ஒரு வாய்க்காலில் சட்டென்று நின்றது. படகோட்டி மோட்டாரை அணைத்து, நீளத் தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு மறுபடி கிளப்பினார். பக்கிங்காம் கால்வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும் அதே செடி. அங்கே அதன் தண்டை வெட்டிக் காயவைத்துக் கூடையும் பாயும் பின்னுகிறார்கள். வீட்டு முன்னால் காயப்போட்டிருந்த தண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன், கோரை மாதிரி நல்ல வலு.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவுக்குக் கவலை வேண்டாம். விரால் மீனை, புளித்தண்ணீரில் தக்காளி, வெண்டைக்காய், அன்னாசி போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். நம் வீட்டுக் குழம்பின் காரம் இருக்காது. புளிப்பு தெரிந்த புளிப்புதான்.

நான் அவரைப் பார்க்கச் சொல்வது இன்னொன்று. வீட்டு வாசல்களில் பெரிய பெரிய ஜாடிகள் வரிசையாக நிற்கும், மழைநீர் பிடித்து வைக்க. சுற்றிலும் தண்ணீர், குடிக்க மழை. கோடையில் ஆற்றில் நீர் குறைந்ததும் கடல் உள்ளே ஏறுகிறது. 2016லும் 2020லும் அது மிகக் கொடுமையாக ஏறி வயலும் தோப்பும் கருகின. மேலே அணைகள் வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன, ஆற்றில் மணல் அள்ளி அடி ஆழமாகிவிட்டது, நிலத்தடி நீரை உறிஞ்சி நிலமே தாழ்கிறது. வியட்நாமின் நெல்லில் பாதி விளையும் மண் அது. மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகள் உப்பானதும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி கறுத்ததும் அம்மாவுக்கு நினைவிருக்கும். அந்த ஜாடிகளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும். அந்த வீட்டுப் பெண்ணோடு பேச்சுத் துணைக்கு ஒரு வழிகாட்டியை மட்டும் அமர்த்திக்கொள்ளுங்கள்.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. இ-விசா 90 நாள் வரை கிடைக்கும். 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்துவிட்டார்கள், பென் சே மாகாணம் இப்போது வின் லாங்கில் சேர்ந்துவிட்டது. பழைய வரைபடத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவர்களுடைய புத்தாண்டான டெட் சில வருடம் மாசித் தொடக்கத்தில் வரும். அந்த வாரம் சந்தை காலியாக இருக்கும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். சைகோனில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். வியட்நாமியர்களே ஊதுபத்தி கொளுத்தி வேண்டிக்கொள்வதை அம்மா பார்க்கட்டும்.

அப்புறம், மூட்டு வலி உண்டென்றால் ஒன்று முக்கியம். கடலின் ஏற்ற இறக்கம் அங்கே ஆற்றிலும் தெரியும். நீர் வற்றும் நேரத்தில் படித்துறையில் பாசி பிடித்த படிகள் ஏழெட்டு வெளியே வந்துவிடும், படகு ஆழத்தில் கிடக்கும். ஏற்றத்தில் படகு படி மட்டத்துக்கு வரும், கால் எடுத்து வைத்தால் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் இந்த ஏற்ற இறக்கம் மிக அதிகம். அஷ்டமி, நவமிப் பக்கம் குறைவு. அந்தத் திதியில் வீட்டை விட்டுக் கிளம்ப அம்மா சம்மதிக்க மாட்டார். சஷ்டியில் விமானம் ஏறிவிடுங்கள். கான் தோ படித்துறையில் நிற்கும்போது அஷ்டமியாக இருக்கும்.