பயோடெக் தொடங்குவோர் கேள்விகள்: எந்தப் பணம் முதலில்?

ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைக் கண்டறியும் காகிதப் பட்டை ஒன்றைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்திருக்கிறோம். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் போஸ்டர் வைக்கிறோம். முதலில் கம்பெனியைப் பதிவு செய்வதா, காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதா?
– ஆய்வு மாணவர்கள் இருவர், வேலூர்

முதலில் அந்த போஸ்டரை நிறுத்தி வையுங்கள். கருத்தரங்கு மலரில் பத்து வரிச் சுருக்கம் அச்சானாலும் அது வெளியீடுதான். வெளியானதைப் புதியது என்று சொல்லிக் காப்புரிமை கேட்பது கடினம். கற்றோர் சபையில் வாசித்த கட்டுரைக்கு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு 12 மாதச் சலுகை தருகிறது. ஆனால் ஐரோப்பாவில் அந்தச் சலுகை செல்லாது. நாளைக்கு வெளிநாட்டு உரிமம் பேச வருகிறவர் முதலில் கேட்பது அந்த போஸ்டரின் தேதியைத்தான்.

ஆகவே காப்புரிமைதான் முதலில்: தேதியைப் பிடிக்க ஒரு தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் கல்வி நிறுவனத்துக்கும் அதன் இணையவழிக் கட்டணம் ரூ.1,600. வழக்கறிஞர் கட்டணம் தனி. அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். இதில் பலர் செய்யும் தவறு, ஒரு பக்கத்தில் 'யோசனை'யை மட்டும் எழுதித் தேதி வாங்கிக்கொள்வது. எழுதியதற்கு மட்டும்தான் அந்தத் தேதி பொருந்தும். எந்த ஆன்டிஜென் (ரத்தத்தின் ஆன்டிபாடி வந்து ஒட்டும் கிருமிப் புரதம்), அதன் புரத வரிசை, நிறம் காட்டும் தங்கத் துகளின் அளவு, பஃபர் கரைசலின் பி.ஹெச்., பட்டையில் இடும் அளவு எல்லாவற்றையும் எழுதுங்கள். 40 நானோமீட்டர் துகளில் வேலை செய்திருந்தாலும், 20-இலும் 80-இலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வரம்பாகவே கோருங்கள். மனிதருக்கான நோயறியும் 'முறை'யைக் கோரினால் 3(i) பிரிவு குறுக்கே நிற்கும். கிட்டை, அதன் பாகங்களை, கலவையைக் கோருங்கள்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்தது பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். விண்ணப்பம் அவர்கள் பெயரில் போகட்டும். உங்கள் கம்பெனிக்குத் தனியுரிமை உரிமம் எழுத்தில் வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியரின் வாய்மொழி சம்மதம் போதாது. அவர் ஓய்வு பெறலாம், மாற்றலாகிப் போகலாம். உரிமம் இல்லாத கம்பெனியில் முதலீட்டாளர் வாங்க என்ன இருக்கிறது?

இவ்வளவும் நகர்ந்த பிறகு கம்பெனி. பிரைவேட் லிமிடெட்டாகவே பதியுங்கள். எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) மலிவுதான், ஆனால் அதில் பங்கு வெளியிட முடியாது. முதலீடு வரும் நாளில் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் இருவரின் பங்குகளும் நான்கு ஆண்டில் படிப்படியாக உங்களுக்கு உரித்தாகும்படி, முதல் ஆண்டு முடியும்வரை எதுவும் சேராதபடி எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வை முடித்து ஒருவர் வெளிநாடு போவது நம் ஊரில் அபூர்வமில்லையே!

எந்த மானியத்துக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும்?
– வாசகி, கோவை

இந்த வரிசையைத் தவறாகப் போட்டுவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள பைராக் அமைப்பின் 'பிக்' மானியம் பெரியது: 18 மாதம் வரை, 50 லட்சம் வரை, பங்கு கேட்காது. அழைப்பு வழக்கமாக ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் திறக்கும். எல்லோரும் நேரே அங்கே ஓடுகிறார்கள்.

ஆனால் 2021-இல் வந்த 'ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட்' திட்டத்தின் விதியைப் படியுங்கள். கருத்தை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ, பங்காக மாறும் கடன்பத்திரமாகவோ தருவார்கள். விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேறு அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பணம் வாங்கியிருக்கவும் கூடாது. பரிசுத் தொகை, ஆய்வக வசதி, நிறுவனருக்கான மாதப் படி ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. ஆகவே 'பிக்' பணம் முதலில் கைக்கு வந்துவிட்டால் சீட் ஃபண்ட் கதவு மூடிக்கொள்ளும். சீட் ஃபண்ட் முதலில், 'பிக்' பிறகு. சீட் ஃபண்டுக்குப் புது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை, அந்தப் பணத்தைப் பிரித்துத் தரும் இன்குபேட்டரிடம் (தொழில் வளர்ப்பு மையம்) கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள்.

தமிழக அரசின் டான்சீட் திட்டம் இதிலிருந்து வேறுபட்டது. பொதுவாக 10 லட்சம் தந்து 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்வார்கள். அதாவது உங்கள் கம்பெனியின் மதிப்பு ஏறத்தாழ 3.33 கோடி என்று ஏட்டில் ஏறிவிடும். வெறும் யோசனையோடு இருப்பவருக்கு நல்ல விலை. மருத்துவமனைத் தரவு கையில் இருப்பவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம்.

'பிக்' வாங்கும் கம்பெனியில் குறைந்தது 51 சதவீதம் இந்தியக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். வெளிநாட்டு நண்பரிடம் அவசரப்பட்டுப் பங்கு விற்றுவிட்டு, பிறகு தகுதி போய்விட்டதே என்று வருந்தாதீர்கள். பணம் தனி வங்கிக் கணக்கில், மைல்கல் மைல்கல்லாகத்தான் வரும். முதல் தவணையை முழுக்கக் கருவி வாங்கச் செலவழித்தால் அடுத்த தவணை வரும்வரை சம்பளத்துக்குக் கைகாசுதான். வேண்டிய கருவி பக்கத்தில் எந்த நிறுவனத்தில் வாடகைக்குக் கிடைக்கும் என்பதை ஐ-ஸ்டெம் தளத்தில் தேடிவிட்டு, பிறகு கொட்டேஷன் கேளுங்கள்.

தெரிந்த 30 நோயாளி மாதிரிகளில் எங்கள் கிட் முப்பதையும் பிடித்தது. 'இது போதாது' என்கிறார் முதலீட்டாளர். நூற்றுக்கு நூறு எப்படிப் போதாமல் போகும்?
– வாசகர், சென்னை

அவர் சொல்வது சரி. ஒரு எளிய கணக்கு உண்டு. n மாதிரிகளில் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால், உண்மையான தவறு விகிதம் 3-ஐ n-ஆல் வகுத்த அளவு வரை இருக்கலாம். 30 மாதிரிக்கு அது 10 சதவீதம். ஆக நீங்கள் நிரூபித்தது 'குறைந்தது 90 சதவீதம்' என்பதை மட்டும்தான். தவறே இல்லாமல் 100 மாதிரி ஓட்டினால் 97-க்கு ஏறலாம். காய்ச்சலோடு வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் அந்த நோய் என்று வைத்துக்கொண்டால், 100 நோயாளிகளைத் திரட்ட ஆயிரம் பேரிடம் ரத்தம் எடுக்க வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி, செவிலியர் சம்பளம், குளிர்சாதனப் போக்குவரத்து எல்லாம் இந்த ஆயிரத்தைப் பெருக்கித்தான் வரும். திரட்டும் பணத்தை இந்த எண்ணிலிருந்து கணக்கிடுங்கள். 'ஒரு கோடி இருந்தால் நல்லது' என்று தொடங்காதீர்கள்.

மாதிரி எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் கேட்பார். பஃபரில் கலந்த ஆன்டிபாடியைப் பிடிக்கும் பட்டை முழு ரத்தத்தில் திணறும். எடுத்துக்காட்டுக்கு வேலூர் வாசகர்களின் ஸ்க்ரப் டைபஸையே பாருங்கள்: அதன் கிருமியில் கார்ப், கேட்டோ, கில்லியம் என வகைகள் உண்டு, ஒன்றின் 56 கிலோடால்டன் புரதத்தை மட்டும் பட்டையில் வைத்தால் மற்றதைக் கோட்டைவிடலாம். காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் ரத்தம் எடுத்தது என்று குறிக்காத மாதிரிக்கும் மதிப்பில்லை. தொற்றுக்கு எதிராக உடல் முதலில் உருவாக்கும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடிகூட முதல் நாட்களில் உருவாகியே இருக்காது.

சோதனைக்காகக் கிட் தயாரிக்கவும் உரிமம் வேண்டும். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி எம்.டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்.டி-13 உரிமம் வாங்க வேண்டும். இல்லாமல் எடுத்த தரவு பிறகு உதவாமல் போகலாம். இன்னொன்று: சென்னைக் காற்றின் ஈரத்தைப் பட்டையின் நைட்ரோசெல்லுலோஸ் தாள் உறிஞ்சிக்கொள்ளும். அலுமினியப் பையும் சிலிகா ஜெல்லும் முதல் நாளிலிருந்தே வேண்டும். உண்மை நேர ஆயுள் சோதனையையும் அன்றே தொடங்குங்கள். ஓராண்டு ஆயுளை நிரூபிக்க ஓராண்டு ஆகும். எவ்வளவு பணம் கொட்டினாலும் அது சுருங்காது.

பத்துக் கோடி மதிப்பில் இரண்டு கோடி தருகிறேன் என்கிறார் ஒருவர். எத்தனை சதவீதம் போகும்?
– வாசகர், திருச்சி

பத்துக் கோடி பணம் வருவதற்கு முந்திய மதிப்பா, பிந்தியதா என்று கேளுங்கள். முந்தியது என்றால் 2-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும், 16.67 சதவீதம். பிந்தியது என்றால் 20. ஊழியர் பங்குக்கென 10 சதவீதத்தை அவர் வருவதற்கு முன்பே ஒதுக்கச் சொன்னால், பிந்திய மதிப்புக் கணக்கில் உங்கள் கையில் மிஞ்சுவது 70.

மதிப்பைவிட, கம்பெனி விற்கப்படும் நாளில் யாருக்கு முதலில் பணம் என்ற ஷரத்தைக் கவனியுங்கள். அவரிடம் 20 சதவீதம், கம்பெனி பத்துக் கோடிக்கு விற்கப்படுகிறது என்று வையுங்கள். 'போட்ட தொகை அல்லது பங்கு விகிதம், எது அதிகமோ அது' என்றால் அவருக்கு 2 கோடி. 'இரு மடங்கு முதலில், மீதியிலும் பங்கு' என்றால் 4 கோடியும், மீதி 6 கோடியில் 20 சதவீதமான 1.2 கோடியும் சேர்ந்து 5.2 கோடி. பயோடெக்கில் நான்கைந்து சுற்றுகள் பணம் திரட்ட வேண்டியிருக்கும். முதல் சுற்றில் இதற்குத் தலையாட்டினால் அடுத்து வருகிறவரும் அதையே கேட்பார்.

மண்டபம் கடற்பாசியிலிருந்து ஒரு பொருள் பிரித்திருக்கிறோம். தனி அனுமதி வேண்டுமா?
– வாசகர், இராமநாதபுரம்

உயிரியல் பன்முகச் சட்டம் பொருந்தும். வணிகத்துக்கு எடுக்கும் முன் மாநிலப் பன்முக வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியக் கம்பெனி என்றால், காப்புரிமை வழங்கப்படும் முன் தேசியப் பன்முக ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன் அலுவலகம் தரமணியில்தான் இருக்கிறது. கம்பெனி வெளிநாட்டவர் கட்டுப்பாட்டுக்குப் போனால் பதிவு போதாது, முன் அனுமதியே வேண்டும். பங்கு விற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.