மனச்சோர்வா, பைபோலாரா: ரத்தம் சொல்லுமா?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்கிறார், இன்னொருவர் பைபோலார் (மனச்சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) என்கிறார். ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் சேர்ந்த 'பேக்கேஜ்' எடுத்தால் எதுவென்று உறுதியாகத் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் என்று நம்பி மருந்தை முடிவு செய்யும் அளவுக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இன்னும் தேறவில்லை.

பேக்கேஜைப் பரிந்துரைத்தவர் ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் காட்டியிருப்பார். அவற்றில் உள்ளது பொய்யல்ல, ஆனால் அது நூற்றுக்கணக்கானவர்களின் சராசரி. ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம்தான். அதற்காக ஐந்தரை அடி என்று மட்டும் சொன்னால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியுமா? எங்கள் மனநல மருத்துவத் துறையே இதில் ஒருமுறை சூடுபட்டது. இரவு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றைக் கொடுத்து, மறுநாள் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறையாவிட்டால் தீவிர மனச்சோர்வு என்று 1980-களில் பலர் நம்பினார்கள். அப்புறம் பார்த்தால் எடை மெலிந்தவர்களுக்கும், குடியை அப்போதுதான் நிறுத்தியவர்களுக்கும், மறதிநோய் உள்ளவர்களுக்கும் அதே முடிவு வந்தது.

இந்த பேக்கேஜ் வியாபாரத்தில் தந்திரம் ஒன்றுதான். தைராய்டு, பி12 போன்ற தேவையான, சாதாரணப் பரிசோதனைகளோடு வண்ண வண்ண மூளைப் படத்தையும், மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் வேதிப்பொருளான செரட்டோனினின் 'அளவை'யும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். உடலில் உள்ள செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. ரத்தத்தில் அளந்தால் மூளையின் கதை எப்படித் தெரியும்? அனுப்பி வைத்தவருக்குக் கமிஷன் உண்டா என்று ஒருமுறை நேராகக் கேட்டுப் பாருங்கள். தைராய்டு போன்றவை வேண்டுமென்றால் உங்கள் மருத்துவரே எழுதித் தருவார்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நன்றாக இருந்த பெண் சில நாட்களிலோ சில வாரங்களிலோ ஆளே மாறிப்போனால், கூடவே வலிப்பு, வாயும் முகமும் தானாக அசைவது, குழப்பம், பேச்சு நின்றுபோவது என்று வந்தால், அது மனநோயாக இல்லாமல் மூளையழற்சியாக இருக்கலாம். கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளே, மூளை செல்கள் சமிக்ஞைகளைப் பெற உதவும் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் இந்த நோய் 2007-ல் அடையாளம் காணப்பட்டது. இளம்பெண்களிடம் அதிகம், சிலருக்குச் சூலகக் கட்டியும் இருக்கும். இங்கே முதுகுத்தண்டு நீரில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை உயிரையே காப்பாற்றும். அப்படி இருந்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மாதக்கணக்கில் மெல்ல வந்த சோர்வு என்றால் இந்தப் பயம் அநேகமாகத் தேவையில்லை.

சரி, பிறகு எப்படிப் பிரிப்பது? கதையைக் கேட்டுத்தான். தொடர்ந்து நான்கு நாட்களாவது குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், ஓயாத பேச்சு, கண்மூடித்தனமான செலவு, தலைகால் புரியாத உற்சாகம் என்று இருந்தாளா? குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் உண்டா? தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பத்து நிமிடத்தில் நோயாளியை அனுப்பிவிடும் அமைப்பில் இதைக் கேட்க யாருக்கு நேரம்? இரண்டு மருத்துவர் இரண்டு பெயர் சொன்னதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அதுவரை மருந்தைத் தானாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும்போது திடீரென்று தூக்கம் குறைந்து உற்சாகம் எகிறினால், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.