பேய்க்கு எதுக்குச் செருப்பு?
(அத்தை பதில்கள்: இந்த முறை சிரிப்புப் பேய்க்கதைகள்)

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு. சிரிப்புப் பேய்க்கதை ஒன்று எழுதி வகுப்பில் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. பேய் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவதுகூட வைத்திருந்தேன் அத்தை!

பதில்: விழுந்தது பேய்தான் என்பதற்குக் கதையில் என்ன சாட்சி? அந்த இடத்தில் தலைமையாசிரியர் வழுக்கி விழுந்தாலும் கதை அப்படியேதான் இருக்கும். (சிரிப்பு மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும்.) பேய்க்கு மட்டுமே வரக்கூடிய சங்கடமாகப் பிடி. சுவருக்குள் புகுந்து போகிற உடம்பு தலையணையில் எப்படி நிற்கும்? கண்ணாடியில் தெரியாத பேய் வகிடு எடுப்பது எப்படி?

1887-ல் ஆஸ்கார் வைல்டு எழுதிய 'கேன்டர்வில் பேய்' கதையில் ஒரு பழைய மாளிகை. தரையில் அழியாத ரத்தக்கறை. பேய் அங்கே முந்நூறு வருஷமாக எல்லோரையும் அலற வைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டை வாங்கி வந்த அமெரிக்கக் குடும்பத்துப் பையன் கறை நீக்கியைப் போட்டுத் துடைத்துவிடுகிறான். மறுநாள் கறை திரும்ப வருகிறது. துடைக்கிறான். வருகிறது. ஒருநாள் பார்த்தால் கறை பச்சை நிறம்! பேய் அந்த வீட்டுப் பெண்ணின் வர்ணப்பெட்டியைத் திருடி, சிவப்பு தீர்ந்ததும் கையில் கிடைத்ததைப் பூசியிருக்கிறது. பாவம், அது கோமாளித்தனமே செய்யவில்லை. தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. நமக்குத்தான் சிரிப்பு வருகிறது. பேயின் சங்கிலி கிறீச்சிடுகிறதென்று அந்தக் குடும்பத் தலைவர் எண்ணெய்ப் புட்டியை நீட்டும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன்.

கேள்வி: பேய் 'ஹா ஹா ஹா' என்று சிரிக்கலாமா?

பதில்: கூடாது. சிரிக்க வேண்டியது வாசகர்.

கேள்வி: சிரிப்புப் பேய் எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது?

பதில்: முதல் பேய் எது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரோமானியர் பிளினி சுமார் 1,900 வருஷத்துக்கு முன் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு சங்கிலிப் பேய் வருகிறது. ஏதென்ஸில் ஒரு பேய் வீட்டை அதெனடோரஸ் என்ற தத்துவஞானி தெரிந்தே வாடகைக்கு எடுக்கிறார். ராத்திரி எழுதிக்கொண்டிருக்கும்போது பேய் வந்து 'வா' என்று விரலசைக்கிறது. அவர் 'கொஞ்சம் பொறு' என்று கையைக் காட்டிவிட்டு எழுத்தைத் தொடர்கிறார்! பேய் அவர் தலைக்கு மேலேயே சங்கிலியைக் குலுக்குகிறது. பிளினி சிரிக்க வைக்க எழுதவில்லை. ஆனால் வரிசையில் நிற்க வைக்கப்பட்ட அந்தப் பேயை நினைத்தால் எனக்கு அடக்க முடிவதில்லை.

நம்மிடம் 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இருக்கிறது. பசியால் வாடிய பேய்க் கூட்டம் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பங்கு போடுகிறது. (எதில் காய்ச்சியது என்று இப்போது கேட்காதே, வளர்ந்தபின் படித்துக்கொள்.)  பசி வந்தால் இப்படிப் பறக்கிற கூட்டத்தை உனக்கும் எனக்கும் நேரிலேயே தெரியும், இல்லையா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. பேய்க்கதை வேண்டும் என்கிறாள், ராத்திரி பயப்படுகிறாள். கொடுக்கலாமா?

பதில்: பகலில் கொடுங்கள். 'போதும்' என்றால் அந்த வரியோடு நிறுத்துங்கள். 'பேயெல்லாம் கிடையாது, தூங்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள். பயம் போகாது, உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும். அந்தப் பேய்க்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கதையில் முதலில் பயம் வர வேண்டுமா, சிரிப்பா?

பதில்: பயம். பலூனை ஊதினால்தானே வெடிக்கும். ஆனால் ஊதும்போது ஓட்டை இருக்கக் கூடாது. என் முதல் பேய்க்கதையை அண்ணன் மகனுக்கு விளக்கை அணைத்துவிட்டு வாசித்தேன். "நள்ளிரவு. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. உள்ளே, கால்களே இல்லாத ஓர் உருவம்..." என்று குரலைத் தாழ்த்தினேன்.

"அப்ப செருப்பு யாரோடது அத்தை?"

எட்டுப் பக்கக் கதை அங்கேயே படுத்துவிட்டது. "பேசாம கேளுடா" என்று அதட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. மறுநாள் அவன் கேள்வியிலிருந்தே கதையைத் திரும்ப எழுதினேன். கால் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. செருப்பைக் கழற்றி வைக்காமல் அடுத்தவர் வீட்டுக்குள் போக அந்தப் பேய்க்குக் கூச்சம். அதனால் தினமும் ஒரு ஜோடியைக் கையில் தூக்கிவந்து, வாசலில் நேராக அடுக்கி வைத்துவிட்டு, அப்புறம்தான் பயமுறுத்த உள்ளே வரும்.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். படுக்கப் போகுமுன் வாசல்வரை போய், தன் செருப்பை எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.