இலை நார்நாராகக் கிழிந்த கம்பு வயலில் அடுத்து என்ன விதைக்கலாம்?

கேள்வி: எங்கள் இரண்டு வயல்களிலும் கம்பில் அடிச்சாம்பல் நோய் வந்தது. மேல் வயலில் இலையடியில் வெண்பூச்சு மட்டும். கீழ் வயலில் இலை பழுத்து நார்நாராகக் கிழிந்து, தட்டினால் பழுப்புப் பொடி கொட்டுகிறது. இரண்டும் ஒரே நோயா? அடுத்த முறை எந்த வயலில் கம்பைத் தவிர்ப்பது?

பதில்: நோய் ஒன்றுதான். கீழ் வயலில் கிருமி இனச்சேர்க்கை செய்திருக்கிறது.

இந்த ஸ்கிளீரோஸ்போரா கிருமியில் பெரும்பாலும் இரண்டு இனச்சேர்க்கை வகைகள் உண்டு. ஒரு செடிக்குள் ஒரே வகை இருந்தால் வெண்பூச்சோடு சரி. அந்தப் பூச்சில் இருக்கும் வித்துகள் ஈரமான இரவில் உருவாகிப் பக்கத்துச் செடிக்குப் பரவும். வெயில் ஏறினால் சில மணி நேரத்தில் செத்துவிடும். இரண்டு வகையும் ஒரே செடியில் சேர்ந்தால் இலைத்திசுவுக்குள் ஊஸ்போர்கள், அதாவது இனச்சேர்க்கையில் பிறக்கும் தடித்த சுவருள்ள வித்துகள், உருவாகும். நீங்கள் பார்த்த பொடியில் இருப்பது அவைதான். மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த கம்பின் இளநாற்றைத் தாக்கும். சேர்க்கையில் மரபணுக்கள் கலப்பதால் புதிய திரிபுகளும் பிறக்கும். எதிர்ப்பு ரகங்கள் சில பருவங்களில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழ் வயலில் சில பருவங்களுக்குக் கம்பு வேண்டாம். உளுந்து, நிலக்கடலை, பருத்தி எதுவானாலும் சரி. மேல் வயல் தப்பியது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஊஸ்போர் முதிர்ந்த இலையில்தான் உருவாகும். இளம் பயிரில் பார்த்திருந்தால் பொடி தெரியாது. கதிர் வந்த பிறகு, முக்கியமாகக் கதிர் இலைக்கொத்தாக மாறிய செடிகளில், இன்னொரு முறை பாருங்கள்.

மேல் வயலில் மீண்டும் கம்பு போட்டால், கிலோ விதைக்கு 6 கிராம் மெட்டலாக்சில் 35 எஸ்.டி. (விதை நேர்த்தி மருந்து) கலந்து விதையுங்கள். இது நாற்றுப் பருவத்துக்கு மட்டுமே காவல். 45 நாள் வரை வெளிறிய செடிகளை வேரோடு பிடுங்குங்கள். இலை கிழிவதற்கு முன்பே பிடுங்க வேண்டும்; கிழிந்தபின் இழுத்தால் பொடியை நீங்களே வயலெங்கும் தூவுவீர்கள். சாக்கில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய் எரியுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். நோய் பரவினால் ஏக்கருக்கு 400 கிராம் மேன்கோசெப் மருந்து தெளிக்கலாம்.

கடையில் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். இந்தக் கிருமி உண்மையான பூஞ்சையே அல்ல, பாசிகளுக்கு நெருங்கிய இனம். அந்த மருந்து இதனிடம் எடுபடாது.