பழமையான இடத்தின் அருகே சாலை போட்டே ஆகவேண்டும் என்றால் எதை விட்டுக்கொடுப்பது?

தினமும் நெரிசலில் மாட்டிக்கொள்பவரிடம் போய் "பழைய கல்லைக் காப்பாற்றணும், பொறுத்துக்கோங்க" என்றால் அடிக்க வருவார். அவர் கோபம் நியாயம்தான். சாலையே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை. ஆனால் "புராதனச் சின்னத்தைத் தொடாமல் தள்ளித்தானே போடுகிறோம்" என்ற சமாதானத்தையும் நம்புவதில்லை. சின்னம் எதுவரை நீள்கிறது என்று தெரிந்தால்தானே தள்ளிப் போடமுடியும்?

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டத்தை ஒட்டி ஏ344 என்றொரு சாலை வெகுகாலம் இருந்தது. கல் எதையும் அது இடிக்கவில்லை. 2013இல் அதை மூடித் தாரைப் பெயர்த்தார்கள். அடியில் இரண்டு பள்ளங்களின் தடம்! கல் வட்டத்துக்கு வந்துசேரும் புராதனப் பாதைக்கு இருபுறமும் வெட்டிய பள்ளங்கள் அவை. கோயிலைத் தொடாமல் அதன் வாசலை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது சாலை.

பக்கத்திலேயே ஏ303 நெடுஞ்சாலை. கற்களிலிருந்து ஏறக்குறைய 165 மீட்டர்தான். அதைச் சுமார் 3.2 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் இறக்கிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். கேட்டதும் எனக்கும் சரியென்றே பட்டது. ஆனால் கற்களைச் சுற்றியுள்ள உலகப் பாரம்பரியக் களத்தின் அகலம் அதைவிட அதிகம். சுரங்கத்தின் மேற்கு வாய் களத்துக்குள்ளேயே வரும். அங்கே பெரும்பள்ளம் தோண்டித்தான் சாலையை இறக்கவேண்டும். சுரங்கத்தை இன்னும் நீட்டுவது போன்ற மாற்று வழிகளை அமைச்சர் முறையாகப் பரிசீலிக்கவில்லை என்று 2021இல் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023இல் மறுபடி அனுமதி. 2024இல் புதிய அரசு, காசில்லை என்று கைவிட்டது. கல்லுக்கும் விடிவில்லை, வண்டிக்கும் விடிவில்லை.

அதனால் என் பதில், எதை விட்டுக்கொடுப்பது என்பதைவிட எப்போது தோண்டிப் பார்ப்பது என்பதுதான் முக்கியம். இரண்டு மூன்று சாலைத் தடங்களை உத்தேசமாக வைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் மண்ணுக்கடியில் இருப்பதைக் காட்டும் ரேடார் ஆய்வும் சோதனைக் குழியும் முடித்துவிட்டு அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வரைபடத்தில் இருக்கும் வரை சாலையை நகர்த்த ஒரு ரப்பர் போதும்.

அயர்லாந்தில், பழங்கால அரசர்களின் இடமான தாரா குன்றின் அருகே எம்3 நெடுஞ்சாலைத் தடத்தில், எல்லாம் முடிவான பிறகு, 2007இல் லிஸ்முல்லின் என்ற இடத்தில் இரும்புக்கால மரத்தூண் வட்டம் ஒன்று தெரியவந்தது. தூண்கள் மக்கிப்போய், குழிகளின் கறுத்த தடம் மட்டும் மண்ணில் மிச்சம். தோண்டினார்கள், அளந்தார்கள், பதிவு செய்தார்கள். 2010 முதல் அதன் மேல் வண்டிகள் ஓடுகின்றன.