சென்னையில் கிராஸ்ஓவர் வாங்குகிறோம்: ஆல்-வீல் டிரைவ் எடுக்கலாமா, முன்சக்கர டிரைவ் போதுமா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வேளச்சேரியில் வீடு, ஓஎம்ஆரில் வேலை, இரண்டு குழந்தைகள், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மலைப்பக்கம். "மழைக்காலத்தை நினைத்துத்தான் ஆல்-வீல் டிரைவ் பார்க்கிறேன்" என்கிறீர்கள். ஆல்-வீல் டிரைவ் என்றால் என்ஜினின் இழுவை நாலு சக்கரத்துக்கும் போகும், முன்சக்கர டிரைவில் முன்னால் இருக்கும் இரண்டுக்கு மட்டும். மழைக்காலம்தான் காரணம் என்றால் வேண்டாம். முன்சக்கர வண்டியே எடுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் என் தம்பி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவன் பள்ளிக்கரணையில் குடியிருந்தான். கையில் ஆல்-வீல் டிரைவ் வண்டி. தெருவில் தண்ணீர் பம்பர் வரை நின்றது. நாலு சக்கரமும் இழுக்கும், மெயின் ரோட்டுக்குப் போய்விடலாம் என்று நம்பி இறங்கினான். பாதித் தெருவில் என்ஜின் நின்றுவிட்டது. பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தான். அதுதான் வண்டியை முடித்தது. என்ஜினுக்குக் காற்று இழுக்கும் வழி முன்பக்கம், பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. அதில் தண்ணீர் புகுந்து சிலிண்டருக்குள் போனால், காற்றை அமுக்குகிற மாதிரி தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் முட்டி நிற்கும், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். எத்தனை சக்கரம் இழுத்தாலும் அந்தக் காற்று வழியின் உயரம் மாறப்போவதில்லை. தண்ணீர் இன்னும் ஏறி வண்டி மிதக்க ஆரம்பித்தால் நாலு சக்கரத்துக்கும் தரையே கிடைக்காது.

அதனால் தயவுசெய்து இந்த இரண்டை மட்டும் மனதில் வையுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளி வெளியே கொண்டுவந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்புறம், இன்சூரன்ஸ் எடுக்கும்போது என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண பாலிசியில் இந்த மாதிரிச் சேதம் பொதுவாகச் சேராது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் உங்கள் பகுதிக்காரர்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, வெள்ளத்திலிருந்து வண்டியைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஈரமான ரோட்டில் வழுக்குமே என்றால், அது டயர் சம்பந்தப்பட்டது. ஈசிஆரில் மழையில் எண்பதில் போகும்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் படலம் புகுந்தால் வண்டி ஸ்டியரிங்கைக் கேட்காது. அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளம்தான். பள்ளத்தில் 1.6 மி.மீ. ஆழம்தான் மீதி என்றால் டயர் முடிந்தது என்று அர்த்தம். நான் ஆழம் மூன்று மி.மீ.க்கு வந்ததுமே, ஐப்பசிக்கு முன்னால் மாற்றிவிடுகிறேன். பிரேக்கும் அப்படித்தான். எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது. ஆல்-வீல் டிரைவ் கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்து வேகமாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ் இரண்டிலும் முன்சக்கர டிரைவ் மட்டும்தான், யோசிக்கவே வேண்டாம். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் பார்த்தால்தான் இந்தக் கேள்வி வரும். அவற்றின் ஆல்-வீல் டிரைவ் வண்டியில் சாதாரண ரோட்டில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது. முன்சக்கரம் வழுக்கினால் கப்ளிங் என்ற இணைப்பு இறுகி, நீண்ட ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்துக்கும் இழுவை போகும். ஆக, ஓஎம்ஆர் நெரிசலில் அந்த ஷாஃப்ட்டும் பின்பக்க டிஃபரன்ஷியலும் (இழுவையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வெறும் எடையாக வருடம் முழுக்க உங்களோடு வரும்.

2022-ல் கிராண்ட் விட்டாரா வந்தபோது ஆல்ஃபா என்ற அதே மேனுவல் கியர் மாடலில் ஆல்கிரிப்புக்கு (மாருதி தன் ஆல்-வீல் டிரைவுக்கு வைத்த பெயர்) ஒன்றரை லட்சம் கூடுதல். கம்பெனி சொன்ன மைலேஜ் முன்சக்கர மேனுவலுக்கு லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், ஆல்கிரிப்புக்கு 19.38. வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் ஐம்பது லிட்டர் வித்தியாசம், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் ஐயாயிரம். இது பெரிய தொகை இல்லை. முதலில் கொடுக்கும் ஒன்றரை லட்சம்தான் பெரிது. டயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆல்-வீல் டிரைவில் நாலும் ஒரே அளவு தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதால், ஒன்று கிழிந்தால் சில சமயம் ஒன்றோடு முடியாது.

மலைக்கு வருகிறேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஐந்து பேரோடு, நல்ல மழையில், என் முன்சக்கர வண்டியிலேயே ஏறியிருக்கிறேன். தார் ரோடு இருக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. சிக்கியது ஒரே இடத்தில். ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக்குப் போகும் செம்மண் ஏற்றம், நூறு அடிகூட இருக்காது. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாயும், முன்சக்கரம் லேசாகிவிடும். இழுக்க வேண்டியதும் அந்த முன்சக்கரம்தான். சுற்றிக்கொண்டே நின்றது. எல்லோரையும் இறக்கி, கல் போட்டு, ரிவர்ஸில் ஏற்றினோம். கீழ்ப்பக்கம் சாயும் பாரம் அப்போது முன்சக்கரத்தின் மேல் விழுகிறதல்லவா, ஏறிவிட்டது. இந்த மாதிரி இடத்தில் ஆல்-வீல் டிரைவ் சத்தியமாக உதவும். சித்தப்பா தினமும் அதில் ஏறி இறங்குகிறார், அவர் அதைத்தான் வாங்கினார், சரியாகத்தான் வாங்கினார். ஆனால் கரிசல் மண் வேறு. ஈரமானால் டயரில் அப்பி பள்ளத்தையே மூடிவிடும், ரோட்டு டயரோடு ஆல்-வீல் டிரைவ் வண்டியும் அதில் மாட்டும்.

உங்கள் சொந்த ஊர் எது, வீட்டுப் பாதை எப்படி என்று எழுதவில்லை. அடிக்கடி போகிற ஊராக இருந்து, கடைசி அரை கிலோமீட்டர் மண் ஏற்றமாக இருந்தால் சொல்லுங்கள், நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். இல்லையென்றால் அந்த ஒன்றரை லட்சத்தில் நல்ல டயரும் என்ஜின் கவரும் போக மீதி கையில் நிற்கும்.